பல் மருத்துவப் படிப்பும் மாணவர் கருத்தும்



‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் பெரியோர் வாக்கு. பல்லைப் பற்றிப் பேச வருகின்றவர்கள் பெரும்பாலும் எப்படிப் பல் துலக்க வேண்டும், எதைத் தின்னக் கூடாது என்றுதான் சொல்வார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. நம் பல்லைப் பார்க்கின்ற மருத்துவர் அந்த வேலையை எங்கே, எப்படிக் கற்றுக்கொள்கிறார்? அதைக் கற்கும் மாணவர்கள் தங்கள் பாடத்திட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

“தோட்டத்தில் வேலை செய்கின்ற எங்களுக்கும் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கும் என்ன சம்பந்தம், வாத்தியாரே?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. பல் மருத்துவ மாணவர் ஒருவர் தொழில் பழக வேண்டுமானால், அவருக்கு ஒரு மனிதரின் வாய் வேண்டும். பல்கலைக்கழகப் பல் கிளினிக்குகளுக்கு வருகின்றவர்களில் நம்மைப் போன்ற உழைக்கும் மக்களும் உண்டு. ஆகவே மாணவர் நன்றாகக் கற்றாரா, அரைகுறையாகக் கற்றாரா என்பதன் பலன் முதலில் நம் வாயில்தான் தெரியும். அதோடு, நம் பிள்ளைகளில் சிலர் இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். இன்னும் பலர் போக வேண்டும். படிக்கப் போகும் பிள்ளை எதைச் சுமக்கப் போகிறது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் இந்தப் படிப்பு எப்படி அமைந்துள்ளது என்று பார்ப்போம். நம் நாட்டில் பல் மருத்துவப் பட்டப் படிப்பு ஐந்தாண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி உடலைப் பற்றிய பாடங்கள். எலும்பு, தசை, நரம்பு, இரத்தம், இருதயம், உடலில் நடக்கும் இரசாயன மாற்றங்கள், கிருமிகள், மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் படிக்க வேண்டும். இவற்றோடு பல்லின் வடிவத்தையும் கற்பார்கள். மெழுகுக் கட்டியை எடுத்து, கடைவாய்ப் பல்லைப் போலவும் கோரைப் பல்லைப் போலவும் செதுக்கிப் பழகுவார்கள். பெரியவர்களுக்குப் பற்கள் முப்பத்திரண்டு. குழந்தைக்குப் பால்பற்கள் இருபது. ஒவ்வொன்றின் மேடு பள்ளமும் கைக்கும் கண்ணுக்கும் பழக்கமாக வேண்டும்.

அடுத்தது பொம்மைத் தலை. ஒரு நாற்காலியில் மனிதத் தலையைப் போன்ற பொம்மை ஒன்றைப் பொருத்தி, அதன் வாயில் பிளாஸ்டிக் பற்களை வைத்திருப்பார்கள். மாணவர் அந்தப் பல்லில் துளையிடவும், துளையை அடைக்கவும் பழகுவார். பொம்மைக்கு வலிக்காது, அது நாக்கை அசைக்காது, எச்சில் ஊறாது. அதில் கை தேர்ந்த பிறகே, பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், உயிருள்ள நோயாளியை மாணவரிடம் ஒப்படைப்பார்கள். அப்போதும் ஒவ்வொரு கட்டத்தையும் விரிவுரையாளர் வந்து பார்ப்பார். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் கிளினிக்கிலேயே கழியும். பல் பிடுங்குதல், பல் அடைத்தல், ஈறு சுத்தம் செய்தல், வேர்க்குழாய்ச் சிகிச்சை, பொய்ப்பல் கட்டுதல், குழந்தைகளைக் கவனித்தல் என்று ஒவ்வொரு பிரிவிலும் வேலை செய்ய வேண்டும்.

இது நமக்குப் புரியாத முறை அன்று. ரப்பர் மரம் வெட்டப் பழகியவர்களை நினைத்துப் பாருங்கள். புதிதாக வருபவர் கையில் கத்தியைக் கொடுத்து, நல்ல இளமரத்தில் விட்டுவிடுவார்களா? அழிக்கப் போகும் பழைய மரத்தில்தான் முதலில் பழகச் சொல்வார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பட்டை வீண். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் மரத்தை வளர்க்கின்ற மெல்லிய படலத்தில் காயம் பட்டு, பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பல்லும் அப்படித்தான். மேலே இருக்கும் கடினமான வெண்மைப் பூச்சு தடித்த இடத்தில்கூடச் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கடியில் சற்று மென்மையான பகுதி. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தமும் உள்ள உயிர்ப்பகுதி. சொத்தையை எடுக்கும் கருவி ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் பல் உயிரிழக்கக்கூடும். இந்த அளவைப் புத்தகம் சொல்லிக்கொடுக்காது. கைதான் கற்க வேண்டும்.

அப்படியானால் முதல் ஆண்டிலேயே கையில் கருவியைக் கொடுத்துவிடலாமே, எதற்காக இருதயத்தையும் இரத்தத்தையும் படிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி எழும். மாணவர்களும் இதையே கேட்கிறார்கள். இதற்கு விடை சரித்திரத்தில் இருக்கின்றது.

முற்காலத்தில் பல் பிடுங்குவது ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. முடிதிருத்துபவரும் அதைச் செய்தார். சந்தையில் கடை விரித்தவரும் செய்தார். பல் மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரி 1840-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. அதன் பின் பல கல்லூரிகள் பெருகின. அவற்றில் சில நல்லவை, சில பணம் பறிப்பவை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் வில்லியம் கீஸ் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த பல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து, 1926-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பல் மருத்துவம் வெறும் கைத்தொழில் அன்று, அது மருத்துவத்தின் ஒரு கிளை, ஆகவே அது பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிவின் மேல் கட்டப்பட வேண்டும் என்பதே அவருடைய முடிவு. இன்று உலகின் பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்கள் முதலில் உடலைப் பற்றிப் படிப்பதற்கு இந்தக் கருத்தே அடிப்படை.

நம் வட்டாரத்தில் 1929-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. வெகுகாலம் மலாயாவின் பிள்ளைகள் அங்கே சென்றுதான் படித்தார்கள். 1972-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவத் துறை தோன்றியது. அதற்கு முன்பே, 1949-இல், பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றிய பள்ளி அது. பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் மிஸ்ஸிகள் அந்த வழியில் வந்தவர்களே. இப்போது அவர்களை ‘ஜுருதெராபி பெர்கிகியான்’ என்கிறோம்.

உடலைப் பற்றிய பாடம் ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நீரிழிவு உள்ள ஒருவருக்குப் பல் பிடுங்கினால் புண் ஆறத் தாமதமாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் இருதய நோயாளிக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் எளிதில் நிற்காது. இதை அறியாதவர் கையில் குறடு இருப்பது ஆபத்து. ஆகவே அடிப்படைப் பாடங்களை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாணவர்களும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது என்ன?

முதல் குறை, பாடம் வரும் வரிசையைப் பற்றியது. “இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்கிறோம். அதை எங்கே பயன்படுத்துவது என்று அப்போது தெரியவில்லை. பயன்படுத்தும் நாள் வரும்போது படித்தது மறந்துவிடுகிறது” என்பது பல நாட்டு மாணவர்களும் சொல்லும் குறை. அவர்கள் பாடத்தைக் குறைக்கக் கேட்கவில்லை. முதல் ஆண்டிலேயே கிளினிக்கில் ஓர் ஓரமாக நின்று பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இரத்தத்தைப் பற்றிப் படித்தால், அந்தப் பாடம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நாம் சொல்கிறோம் அல்லவா? சுரைக்காயையும் ஏட்டையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள் என்பதே மாணவர்களின் கோரிக்கை. இது நியாயமானது. பல கல்லூரிகள் இப்போது முதலாண்டு மாணவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கின்றன. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அதிலிருந்து பாடத்தைத் தேடச் சொல்லும் முறையும் வந்திருக்கின்றது.

இரண்டாவது குறை, கிளினிக்கில் ஆசிரியருக்கு ஆசிரியர் சொல்வது மாறுகின்றது என்பது. காலையில் ஒருவர் “இப்படிச் செய்” என்கிறார், அதையே மாலையில் இன்னொருவர் பார்த்து, “யார் இப்படிச் செய்யச் சொன்னது?” என்று கேட்கிறார். நடுவில் மாணவர் திகைத்து நிற்கிறார். வாயைத் திறந்தபடி நோயாளி படுத்திருக்கிறார். 2007-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் பல கல்லூரிகளின் மாணவர்களிடம் அவர்களுடைய சொந்தச் சொற்களிலேயே கருத்துக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் மாணவர்கள் பெரிதும் புகழ்ந்தது நோயாளிகளோடு வேலை செய்து பெறும் அனுபவத்தைத்தான். குறை சொன்னதும் அதே கிளினிக்கின் ஒழுங்கின்மையையும், சில ஆசிரியர்களின் கற்பிக்கும் முறையையும்தான். எந்த இடத்தை மிகவும் மதிக்கிறார்களோ, அந்த இடத்தைப் பற்றித்தான் அவர்களுக்கு மனக்குறையும் இருந்தது. படிப்பின் மீது அக்கறை இல்லாதவன் குறை சொல்ல மாட்டான். அவன் மணி அடிப்பதற்காகக் காத்திருப்பான். ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது தெரியும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்திலும் இதே பேச்சு இருந்தது. உளவியல் பாடம் ஒரு பக்கம், பயிற்றுப்பணி ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போய் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற பிறகுதான், விரிவுரையில் கேட்டது எதற்காக என்று விளங்கியது. தொழில் கற்பிக்கும் எந்தப் படிப்புக்கும் இந்த முடிச்சு இருக்கவே செய்யும்.

மூன்றாவது குறைதான் நம்மை நேராகத் தொடுவது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். பல கல்லூரிகளில் மாணவர் தேர்ச்சி பெற வேண்டுமானால், ஒவ்வொரு வேலையிலும் இத்தனை என்று ஒரு கணக்கை நிறைவு செய்ய வேண்டும். இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பொய்ப்பல் செட் கட்ட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி, விரிவுரையாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தக் கணக்கைக் குறை சொல்வது எளிது. ஆனால் இது இல்லாவிட்டால், ஒரு பொய்ப்பல் கூடக் கட்டாமல் ஒருவர் மருத்துவராகிவிடலாம் அல்லவா? கணக்கு வைத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் வைத்தார்கள்.

மாணவர்கள் என்ன சொல்கிறார்கள்? “தேர்வு நெருங்க நெருங்க, மனிதர் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அட்டையில் உள்ள காலிக் கட்டம்தான் தெரிகிறது” என்கிறார்கள். வேர்க்குழாய்ச் சிகிச்சை ஒன்று பாக்கி இருக்கும் மாணவர், அதற்கேற்ற பல்லோடு ஒருவர் வரமாட்டாரா என்று தேடுகிறார். வந்தவருக்கு வேறு நான்கு குறைகள் இருந்தாலும், அவற்றைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

எங்கள் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி பல் மருத்துவம் பயின்றாள். செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளியின் மகள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாள். அவளிடம் ஒரு பாட்டி பொய்ப்பல் கட்ட வந்திருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பல ஆண்டுகளாக வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர். இவளுக்கு அட்டையில் முழுப் பல் செட் ஒன்று பாக்கி. மகிழ்ச்சியோடு ஈறைப் பார்த்தாள், அளவெடுக்க ஆயத்தமானாள். அந்நேரம் விரிவுரையாளர் வந்து, “கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தாயா?” என்று கேட்டார். கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால், பின்புறத்தில் தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைத் தழும்பு. “சார், பாட்டியிடம் நான் தமிழில்தான் பேசினேன். ஊரைக் கேட்டேன், பிள்ளைகளைக் கேட்டேன். ஆனால் கன்னத்தைப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அந்தக் காலிக் கட்டத்தில் இருந்தது” என்று சொன்னாள். பாட்டியை உடனே நிபுணரிடம் அனுப்பி, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்கள். பொய்ப்பல் பிறகு வந்தது.

நேயர்களே, அந்த வெள்ளைத் தழும்பை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? அத்தகைய தழும்புகளில் சில காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியவை. 1993, 1994-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 11,697 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்க்கு முந்திய நிலையிலான மாற்றங்கள் மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியர்களிடையே அதிகமாகக் காணப்பட்டன. நூறு இந்தியர்களில் நால்வருக்கு அந்த நிலை இருந்தது. சீனர்களிடையே இருநூறு பேருக்கு ஒருவர்தான். இதற்கு வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கமே முக்கியக் காரணம். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1985-இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை 2004-இல் வெளிவந்த அதன் நூல் உறுதிப்படுத்தியது. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று சொல்லும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1997-ஆம் ஆண்டு முதல் நம் சுகாதார அமைச்சு, இந்த ஆபத்து அதிகமுள்ள மக்களைத் தேடிச் சென்று வாயைப் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்தி வருகின்றது. தோட்டங்களும் அதில் அடங்கும். அப்படி வந்து பார்ப்பவர் யார்? நேற்று மாணவராக இருந்தவர்தான். பல்லை மட்டும் எண்ணப் பழகிய கண் கன்னத்தைப் பார்க்காது. முழு வாயையும், வாய்க்குரிய மனிதரையும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு எதுவும் தப்பாது. பாடத்திட்டத்தில் செய்யும் ஒரு சிறு மாற்றம், தோட்டத்தில் ஒரு தாயின் உயிரைக் காக்கலாம். மாணவர்களின் குறையை நாமும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குறைக்கு மாற்று வழி உண்டா? உண்டு. சில கல்லூரிகள் தனித்தனி வேலைகளை எண்ணுவதற்குப் பதிலாக, ஒரு நோயாளியை முழுமையாக ஒரு மாணவரின் பொறுப்பில் விடுகின்றன. அவருடைய ஈறு, சொத்தை, கன்னம், நாக்கு, வெற்றிலைப் பழக்கம், சர்க்கரை நோய் ஆகிய அனைத்தையும் அந்த மாணவரே விசாரித்து, திட்டமிட்டு, முடிக்க வேண்டும். எத்தனை பல் அடைத்தாய் என்று மட்டும் கேட்காமல், தனித்து நின்று பாதுகாப்பாகச் செய்யும் திறமை வந்துவிட்டதா என்றும் சோதிக்கிறார்கள். எண்ணிக்கையை முழுவதும் கைவிட முடியாது. ஆனால் எண்ணிக்கை எஜமானாகிவிடக் கூடாது.

நான்காவதாக மாணவர்கள் சொல்வது, மனிதரோடு பேசக் கற்றுக்கொடுங்கள் என்பது. பயந்து அழும் குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவது? “பிடுங்கிவிடுங்கள் டாக்டர், அடைக்க வேண்டாம், திரும்ப வர முடியாது, வேலைக்குப் போக வேண்டும்” என்று சொல்லும் தொழிலாளிக்கு என்ன பதில் சொல்வது? வெற்றிலையை விடுங்கள் என்று ஒரு பாட்டியிடம் மனம் நோகாமல் சொல்வது எப்படி? இவை பாடத்தில் ஒரு மூலையில் இருக்கின்றன. கிளினிக்கிலோ அன்றாடம் தேவைப்படுகின்றன. சமூகப் பல் மருத்துவம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் மாணவர்கள் பள்ளிகளுக்கும், கிராமங்களுக்கும், முதியோர் இல்லங்களுக்கும் போகிறார்கள். சிலர் இதைச் சுமை என்று முதலில் நினைக்கிறார்கள். கைவேலை கற்கும் நேரம் போகிறதே என்கிறார்கள். போய் வந்த பிறகு கருத்து மாறுவதும் உண்டு. ஓடும் தண்ணீரையும் பயன்படுத்தும் பல் துலக்கியையும் கண்ணால் பார்த்தவருக்கு, ஒரு பிள்ளையின் சொத்தைக்குக் காரணம் சோம்பல் மட்டும் அன்று என்று விளங்குகின்றது. குழாய் நீரில் ஃப்ளோரைடு கலப்பதை நம் அரசாங்கம் 1972-இல் கொள்கையாக ஏற்றது. அது பல்லுக்கு உறுதி தரும். ஆனால் ஆற்று நீரையோ கிணற்று நீரையோ நம்பியிருந்த தோட்டங்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. இதைப் பொம்மைத் தலை சொல்லிக்கொடுக்குமா?

இவ்வளவும் கேட்டபின், “சரி, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பீர்கள். சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

பல்கலைக்கழகக் கிளினிக்கில் மாணவர் நம்மைப் பார்க்க வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவர் மெதுவாக வேலை செய்வார், நேரம் கூடுதலாகும். ஆனால் ஆசிரியர் ஒருவர் அவர் வேலையைச் சரிபார்க்கிறார். “நீங்கள் எத்தனையாவது ஆண்டு படிக்கிறீர்கள்? உங்கள் ஆசிரியர் பார்த்துவிட்டாரா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நம் நோய்களையும் சாப்பிடும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வெற்றிலைப் பழக்கத்தை மறைக்கக் கூடாது. மருந்துப் பெயர் தெரியாவிட்டால், மருந்துப் பையையே எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் பல்லை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால், “ஐயா, கன்னத்தையும் நாக்கின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்று நாமே கேட்கலாம். இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாயில் தோன்றும் கட்டி, காரம் பட்டால் எரிச்சல், முன்போல் வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் இவற்றுக்கு வலி இராது, அதுதான் ஆபத்து.

கிளினிக்கில் தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள். பாதியில் நின்றுபோன சிகிச்சையால் நமக்கும் நட்டம். ஐந்தாண்டு உழைத்த ஒரு பிள்ளையின் தேர்வும் தள்ளிப்போகலாம். போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, இந்தப் படிப்பில் ஆசையுள்ள மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய பாடங்களில் சிறந்த தேர்ச்சி வேண்டும். அதன்பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற வழிகள் உண்டு. மதிப்பெண் வாசலைத் திறக்கும். உள்ளே போனபின் வேண்டியவை பொறுமையும், நிதானமான கையும், பிறர் வேதனையை உணரும் மனமும். தனியார் கல்லூரிகளில் சேர நினைப்பவர்கள் கட்டணத்தையும் கடனையும் பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். படிப்பின் செலவைப் பற்றிய கவலையும் மாணவர்கள் பல நாடுகளில் சொல்லும் குறைகளில் ஒன்று.

பெற்றோர்களே, விடுதியிலிருந்து வரும் பிள்ளை “படிப்பு கஷ்டமாக இருக்கிறது, பாடம் சரியில்லை” என்று சொன்னால், “கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் படி” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். என்ன கஷ்டம், எந்த இடத்தில் என்று கேளுங்கள். சில குறைகள் பிள்ளையின் சோர்விலிருந்து வருபவை. ஓய்வும் ஆறுதலும் கொடுத்தால் தீரும். சில குறைகள் பாடத்திட்டத்தில் உள்ளவை. அவற்றை மாணவர்கள் ஒன்றுகூடி, அடக்கமாகவும் தெளிவாகவும் ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கிளினிக்கை முதலாண்டிலேயே காட்டும் வழக்கம் பரவியதற்கு அப்படிச் சொன்ன மாணவர்களும் ஒரு காரணம். ஊருக்கு வரும் அப்பிள்ளையிடம் நம் குறைகளையும் சொல்லி அனுப்புங்கள். எங்கள் பாட்டிகளின் கன்னத்தைப் பாருங்கள், எங்கள் தோட்டத்துக்கும் வந்து பாருங்கள் என்ற சொல் அவர்கள் மூலமாகக் கல்லூரிக்குப் போய்ச் சேரட்டும்.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்குப் பல் மருத்துவக் குழு வரும்போது, வீட்டிலுள்ள முதியவர்களைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். பல் ஒன்றுகூட இல்லாதவரையும் அழைத்துச் செல்லுங்கள்; பார்க்க வேண்டியது பல் மட்டும் அன்று.